குளிர்மலையில் கம்பளி மேனி: மலைநாட்டு அந்நிய நாய்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்து மலைநாட்டின் வரலாறு பெரும்பாலும் கோப்பி, தேயிலை, தொழிலாளர் குடிப்பெயர்வு என்னும் மூன்று பொருள்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. இவற்றின் முதன்மையை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், பிரித்தானியர் தம்முடன் கொண்டுவந்த பயிர்களையும் பொறிகளையும் போலவே, அவர்கள் கொண்டுவந்த விலங்குகளும் அக்காலச் சமுதாய அமைப்பை அறிவதற்குச் சான்றாகின்றன. அவ்விலங்குகளுள் நாய் தனித்த இடத்தைப் பெறுகின்றது. குளிர்நாட்டில் தோன்றிய, அடர்ந்த மயிர் போர்த்த பெரிய நாயை வெப்பவலய நாடொன்றில் பேணுதல் எளிதான செயலன்று. அதற்கு அறிவும் பொருளும் மனித உழைப்பும் வேண்டியிருந்தன. இவற்றை யார் யார் அளித்தனர் என்பதை நுவரெலியா, கந்தப்பளைப் பகுதியை முன்வைத்து நோக்குவது பயனுடையதாகும்.

நுவரெலியா நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் வடகிழக்கே அமைந்த கந்தப்பளை அதனினும் சற்று உயர்ந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டு, 1940களில் கைவிடப்பட்ட சிற்றகலப் புகையிரதப் பாதையிலே கந்தப்பளை நிலையம் 6,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்தது. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை செல்சியஸ் ஆக, நுவரெலியாவில் அது 16 பாகை அளவிலேயே நிற்கின்றது. தை, மாசி மாதங்களின் வைகறைகளில் புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. எனவேதான் இம்மலைப்பகுதியை இங்கிலாந்தின் ஒரு துண்டாகக் கருதவும், அவ்வாறே ஆக்கவும் பிரித்தானியர் முற்பட்டனர்.

இம்முயற்சியின் முன்னோடியாகச் சாமுவேல் பேக்கரைக் கூறலாம். பின்னாளில், 1864இல், ஆபிரிக்காவின் அல்பேட் ஏரியை அடைந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற இவர், 1848இல் நுவரெலியாவிற் குடியேறி 1855 வரை அங்கு வாழ்ந்தார். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குச் செல்லும் வழியிலுள்ள மாகஸ்தோட்டைப் பகுதியே அவரது பண்ணை நிலமாகும். ஆங்கிலக் கிராமம் ஒன்றை இம்மலையில் நிறுவும் நோக்குடன் பணியாட்களையும் உழவுக் கருவிகளையும் உயரின மாடுகளையும் கப்பலேற்றிக் கொணர்ந்த அவர், நரிவேட்டை நாய்க் கூட்டமொன்றையும் உடன் கொண்டுவந்தார். மரைகளை நாய்களைக் கொண்டு துரத்தி, ஓடைகளில் மடக்கிக் கத்தியால் வீழ்த்துவதே அவர் விரும்பிய வேட்டை முறை. இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும் கொண்டு நிகழ்த்திய வேட்டைகளைப் பற்றிய நூலொன்றையும், தமது எட்டாண்டு அலைவுகளைப் பற்றிய நூலொன்றையும் அவர் 1850களின் நடுப்பகுதியில் வெளியிட்டார். கில்பக், ஸ்மட் முதலிய நாய்களின் பெயரும் குணமும் வீரமும் மரணமும் அவற்றிலே விரிவாகப் பேசப்படுகின்றன.

அந்நூல்கள் வேட்டைப் பெருமிதத்தால் நிறைந்தவை. ஆயினும் அவற்றினூடே மற்றோர் உண்மை புலப்படுகின்றது. இங்கிலாந்தின் திறந்த வயல்களுக்கெனப் பிறப்பிக்கப்பட்ட தூய இன நரிவேட்டை நாய், அடர்ந்த மலைக்காட்டுக்கும் செங்குத்தான பள்ளத்தாக்குகளுக்கும் ஏற்றதன்று என்பதைப் பேக்கர் பட்டறிவால் உணர்ந்தார். கலப்பின நாய்களையே அவர் பெரிதும் நம்ப நேர்ந்தது. மரையின் கொம்பும் காட்டுப்பன்றியின் கோரையும் சிறுத்தையின் பாய்ச்சலும் அவருடைய நாய்களைத் தொடர்ந்து பலிகொண்டன. குளிர் ஒன்று மட்டும் இங்கிலாந்தை ஒத்திருப்பதால் இடமும் இங்கிலாந்தாகிவிடாது என்பதே இதனாற் பெறப்படும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் உயிரியல் சார்ந்தது. நாயின் இயல்பான உடல்வெப்பம் மனிதனுடையதிலும் சற்று மிக்கதாய், 38 முதல் 39 பாகை வரையில் இருக்கும். மனிதன் மேனி முழுவதும் வியர்த்து வெப்பத்தை நீக்குகின்றான். நாய்க்கோ வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியிலேயே பெரிதும் தொழிற்படுகின்றன. ஆதலால் அது நாவை நீட்டி மூச்சிரைத்து, வாயினதும் மூச்சுவழியினதும் ஈரத்தை ஆவியாக்கியே தன்னைக் குளிர்வித்துக் கொள்கின்றது. காற்றிலே ஈரப்பதன் மிகுந்திருக்கும்போது இவ்வாவியாதல் தடைப்படும். உடல்வெப்பம் 41 பாகையைக் கடக்குமாயின் உயிருக்கே தீங்கு நேரலாம். மலையிலே பழகிய நாய் கொழும்புக்கோ தென்பகுதித் தோட்டமொன்றுக்கோ கொண்டுசெல்லப்படும்போது எதிர்கொள்ளும் இடர் இதுவே. உரிமையாளனுக்கு ஒருநாட் பயணமாகத் தோன்றுவது, நாய்க்கு ஒரு காலநிலை வலயத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பெயர்வாகும்.

குளிர்நாட்டு நாயினங்கள் பலவற்றின் மேனியில் இரட்டைப் போர்வை உண்டு. வெளிப்புறத்தே நீண்ட, முரடான மயிரும், உட்புறத்தே கம்பளி போன்ற மென்மயிரும் அமைந்திருக்கும். பகற்பொழுது நீள்வதும் குறுகுவதும் மயிர் உதிர்தலைப் பெரிதும் நெறிப்படுத்துகின்றன. ஐரோப்பாவில் இளவேனிலில் உள்மயிர் திரளாக உதிர்ந்து, மாரிக்கு முன் மீண்டும் அடரும். இலங்கையிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே. எனவே தெளிவான பருவக்குறி கிடைக்காத நிலையில் மயிர் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்கின்றது. உதிர்ந்த உள்மயிர் வாரி அகற்றப்படாவிடின் சடையாகத் திரண்டு, மழையையும் மூடுபனியையும் உறிஞ்சித் தோலைப் புண்ணாக்கும். அட்டையும் உண்ணியும் அதனுள் மறைந்திருக்கும். இதற்கு மயிரை முற்றாக மழித்துவிடுதல் தீர்வாகாது. வெளிமயிர் வெயிலையும் மழையையும் தடுக்கும் கூரை போன்றது. மழித்தபின் அது முன்போல் வளராமற் போவதும் உண்டு. நாள்தோறும் வாருதல், நனைந்த மேனியை அடிமயிர் வரை உலர்த்துதல், வெயிலேறுமுன் நடைக்கு அழைத்துச் செல்லுதல், நிழலும் தூய நீரும் எப்போதும் கிடைக்கச் செய்தல் என்பனவே உரிய முறைகளாகும். இவை ஒவ்வொன்றும் ஒருவருடைய கைகளின் உழைப்பை வேண்டுவன.

நோய்கள் மூன்றாவது இடர். எத்துணைச் செல்வச் செழிப்புடன் பேணப்பட்ட நாயும் நாட்டு நோய்க்குத் தப்பவில்லை. சென்னை வேட்டைக் கழகத்து நாய்களின் குருதியில் அதுவரை அறியப்படாத ஒட்டுண்ணியொன்றை 1910இல் பற்றன் என்னும் ஆய்வாளர் விவரித்தார். அதுவே அப்பகுதி நரிகளின் குருதியிலும் காணப்பட்டது. பபேசியா கிப்சோனி என இன்று வழங்கப்படும் இவ்வொட்டுண்ணி, உண்ணிகளாற் பரவிக் குருதிச்சோகையை விளைப்பது. விசர்நோயோ மனிதரையும் கொல்வது. லூயி பாஸ்டர் 1885இல் அதற்குத் தடுப்பூசி முறையைக் கண்டார். இலங்கையில் 1893இல் விசர்நோய்க் கட்டளைச்சட்டமும், 1901இல் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச்சட்டமும் இயற்றப்பட்டன. நீலகிரியின் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது.

இவ்விடத்தில் மற்றொரு குடிப்பெயர்வை நினைவுகூராது செல்லுதல் வரலாற்று நோக்காகாது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய வெப்பநிலங்களிலிருந்து பருத்தி உடையுடன் வந்த தமிழ்த் தொழிலாளர் இதே குளிர்மலைகளில் குடியமர்த்தப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய வழியிலே மாண்டவர் பலர். எஞ்சியோர் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவினதான லயக்காம்பராக்களில் வாழ்ந்தனர். நாய்க்கு இயற்கை அளித்த கம்பளி இம்மலையிலே மிகையாயிற்று. மனிதனுக்கோ கம்பளி இன்றியமையாததாயிற்று. தொழிலாளிக்கு வழங்கப்பட்ட கம்பளிப் போர்வையின் விலை அவனது கடன்கணக்கில் எழுதப்பட்டது. பெயர்ந்து வந்த இருவகை உயிர்களுள் ஒன்றுக்குக் காலநிலைப் பொருத்தம் துரைமாரின் கவலையாயிருந்தது. மற்றொன்றுக்கு அது பற்றுவரவுப் புத்தகத்தின் ஒரு வரியாயிருந்தது.

சட்ட வரலாறும் இதனையே காட்டுகின்றது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிப்பதற்கான கட்டளைச்சட்டம் 1872இலேயே வந்தது. மலைநாட்டில் பெருந்தோட்டங்கள் பரவி அப்போது ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. நாய்ப்பதிவுச் சட்டம் வந்த 1901ஆம் ஆண்டளவிலேயே, தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்புவதற்குத் தகரவில்லை முறையும் புகுத்தப்பட்டது. சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரவில்லையைத் தாங்கியே தொழிலாளி கடல்கடந்தான். நாயையும் தொழிலாளியையும் ஒப்பிடுதல் இங்கு நோக்கமன்று. இரண்டையும் எண்களாகக் கண்ட ஆட்சிமுறையே நோக்கற்பாலது.

பங்களாவின் நாயை வாரியவரும் குளிப்பாட்டியவரும் உண்ணி களைந்தவரும் அத்தொழிலாளர் குடும்பங்களினின்றே பெரிதும் வந்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். பங்களா வேலை லயத்திலிருந்து சென்றவர்களாலேயே நடைபெற்றது. வேட்டை நூல்களில் நாய்களின் பெயர்கள் அழியாது நிற்க, உள்ளூர்ப் பணியாளரின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. துரைமாரின் வேட்டையும் நாளடைவில் ஒடுங்கியது. 1894இல் தோன்றிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கமும், 1937இன் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதற்கு வரம்பிட்டன. மரைவேட்டைக்குப் பெயர்பெற்ற ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களோடு பிரித்தானியக் கம்பனிகளின் தோட்ட உடைமையும் முடிவுற்றது.

ஆயினும் அடர்மயிர் நாய்கள் மறையவில்லை. கொழும்பின் வெப்பத்திலும் மலைநகர்களின் ஈரத்திலும் அவை இன்றும் விரும்பி வளர்க்கப்படுகின்றன. அவற்றை வளர்ப்போர்க்குக் கந்தப்பளைப் பகுதியின் வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. ஓர் உயிரை அதன் நிலத்திலிருந்து பெயர்த்துக் கொணர்பவர், அவ்வுயிரின் மேனிக்கும் புதிய காலநிலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தாமே ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். நாயின் பொருட்டு ஓரளவு உணரப்பட்ட இக்கடமை, லயத்தில் வாழ்ந்த மனிதர் பொருட்டு நெடுங்காலம் உணரப்படவில்லை. மலைநாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர், பெயர் எழுதப்பட்ட நாய்களின் அருகே நின்ற பெயர் எழுதப்படாத மாந்தரைத் தேடிக் காணுதல் இனிச் செய்யவேண்டிய பணியாகும்.