பூங்கா

பூங்கா (பெயர்ச்சொல்): மரஞ்செடி வளர்த்து, மக்கள் உலவவும் சிறுவர் விளையாடவும் ஒதுக்கிய பொது இடம்.

பூ + கா. பூந்தோட்டம், பூங்கொடி போல இடையில் மெல்லெழுத்துத் தோன்றிப் பூங்கா ஆயிற்று. கா என்றால் சோலை. திருவானைக்கா, திருக்கோலக்கா என்னும் ஊர்ப்பெயர்களில் இன்றும் வாழ்கிறது. மலையாளத்தில் ‘காவு’ தெய்வம் உறையும் சோலையைக் குறிக்கும்.

தமிழ்நாட்டு விதிப்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காட்டு நிலத்தைப் பூங்கா போன்ற பொதுத் திறந்தவெளிக்காக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்த செங்கம் சாலைப் பகுதிக்கு இத்தகைய திறந்தவெளி மிகத் தேவை. 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோருக்கு நிழல் வேண்டும். அங்கேயே வளரும் பிள்ளைகளுக்குப் பந்தாட வெளி வேண்டும். மனைகள் விற்றுத் தீருமுன் வரைபடத்திலேயே காவுக்கு இடம் குறித்தாக வேண்டும்.