குளம்பில் கரைந்த பாண்டியர் பொன்

முத்துக்குப் பெயர் போன பாண்டிய நாடு, பொன்னைக் கொட்டிக் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்கிய பொருள் ஒன்று உண்டு. அதுதான் குதிரை. 1268-இல் ஆட்சிக்கு வந்த மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரபு நாட்டுத் துறைமுகங்களிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் காயலில் வந்து இறங்கின.

1292 வாக்கில் இங்கு வந்த மார்க்கோ போலோ தரும் கணக்கு மலைக்க வைக்கிறது. அரசன் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குவானாம். அவன் சகோதரர்களும் அப்படியே. ஆனால் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம்! விலையைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்கிறார்: குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வரும் வழியில் கடலில் செத்தாலும் அரசுக் கருவூலம் பணம் தந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

இத்தனை குதிரைகள் ஏன் செத்தன? மார்க்கோ போலோ இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று, குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை. இரண்டு, லாடம் கட்டி வைத்தியமும் பார்க்கிற ஆட்கள் இங்கே இல்லை.

லாடக்காரர் இல்லாதது அவ்வளவு பெரிய விஷயமா? குதிரையின் காலைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில்தான். அந்த விரலை மூடிய நகமே குளம்பு. உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன. தரையில் ஊன்றும்போது குளம்பு லேசாக விரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ரத்தம் மேலே திரும்பவும் உதவுகிறது. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். சீவாமல் விட்டால் முன்பகுதி நீண்டுவிடும். அப்போது ஒவ்வொரு அடியிலும் காலின் பின்புறத் தசைநாண் கூடுதலாக இழுபடும். வலி வந்ததும் குதிரை எடையை மற்ற கால்களுக்கு மாற்றும். நடை கெடும், பிறகு தோள், முதுகு என்று வலி பரவும்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் செனஃபோன், குதிரை வாங்கும்போது முதலில் குளம்பைப் பார்க்கச் சொன்னார். அஸ்திவாரம் சரியில்லாத வீடு எதற்கு என்பது அவர் வாதம்.

வஸ்ஸாஃப் இன்னொரு தகவலும் தருகிறார். வந்து இறங்கிய குதிரைகளுக்கு வறுத்த தானியத்தை வெண்ணெயோடு கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைப்பார்களாம். கொழுக்கட்டும் என்று 40 நாள் லாயத்திலேயே கட்டிப்போடுவார்களாம். இன்றைய கால்நடை மருத்துவம் இதைக் கேட்டால் பதறும். அளவுக்கு மீறிய தானியம் லேமினைடிஸ் என்ற குளம்பு நோயைக் கொண்டுவரும். நடமாட்டம் இல்லாமல் கொழுத்தால் ஆபத்து இன்னும் கூடும். குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு வீங்கிப் பிய்ந்துபோகும். முன்னங்காலை நீட்டி, பின்னங்காலில் சாய்ந்து நிற்கும் குதிரை கடைசியில் படுத்துவிடும். வெப்பம், வேறு நோய்கள் ஆகியவையும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த லாயங்களில் பல குதிரைகள் குளம்பு வலியோடு நின்றிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

இதில் கசப்பான பகுதி வியாபாரம்தான். மார்க்கோ போலோ சொல்வதன்படி, குதிரை வியாபாரிகள் லாடக்காரர்களைத் தாங்களும் அழைத்து வரவில்லை, வேறு யாரும் வர விடவும் இல்லை. குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருடம் யார் வாங்குவார்கள்? கடலில் செத்தால் கருவூலம் பணம் கொடுத்தது. கரையில் செத்தால் புதிய ஆர்டர் வந்தது. விற்றவருக்கு எந்த வகையிலும் நஷ்டம் இல்லை.

ஒரு சரக்கை வாங்குவது வேறு, அதைக் காப்பாற்றும் அறிவை வாங்குவது வேறு. பாண்டியர் முன்னதற்குப் பொன் கொடுத்தார்கள். பின்னதை வியாபாரிகள் கடைசி வரை விற்கவே இல்லை.