பாய்காட்: யார் யாரை?

பதாகைகளில் நாம் அடிக்கடி எழுதும் 'பாய்காட்' ஒரு மனிதரின் பெயர் என்பது பல தோழர்களுக்குத் தெரிந்திருக்காது. சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர். 1880இல், குத்தகையைக் கால்பங்கு குறைக்கச் சொன்ன விவசாயிகளை வெளியேற்றப் பார்த்தார். ஊரார் அவரை அடிக்கவில்லை. வேலையாட்கள் நின்றுகொண்டார்கள், கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். அறுவடைக்கு வடக்கிலிருந்து ஐம்பது பேரை வரவழைத்து, அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் படையினரை நிறுத்த வேண்டியதாயிற்று. நவம்பர் இறுதியில் பாய்காட் ஊரைவிட்டே போனார். பெயர் மட்டும் வினைச்சொல்லாகத் தங்கிவிட்டது.

அகராதி 'புறக்கணி' என்று பொருள் தரும்; யார் யாரை என்று சொல்லாது. மேயோவில் எழுவாய் குத்தகைதாரர், செயப்படுபொருள் நிலப்பிரபுவின் ஆள். இங்கே இலக்கணம் தலைகீழ். நிலமும் கடையும் கிணறும் வைத்திருப்பவர்கள் எழுவாய். கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்றிருக்கும் நம் மக்கள் செயப்படுபொருள். 'ஊர்க்கட்டுப்பாடு' என்று அதற்குப் பெயரும் உண்டு. அயர்லாந்துக்காரர்களிடம் கற்க வேண்டிய தேவையே நம் ஊர்களுக்கு இருக்கவில்லை!

அம்பேத்கர் 1927இல் தொடங்கிய இதழின் பெயரே 'பகிஷ்கிருத பாரத்', விலக்கிவைக்கப்பட்ட பாரதம். 1928இல் பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவில் அவரும் உறுப்பினர். சமூகப் புறக்கணிப்பின் முன் வெளிப்படையான வன்முறைகூட ஒன்றுமில்லை என்று அக்குழு பதிவு செய்தது.

வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கொடுத்த மனு, புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கக் கோரியது. வெறுமனே கோரவில்லை. வீடு நிலம் தர மறுப்பது, வேலை மறுப்பது, கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது என்று வரையறையையே எழுதிக்கொடுத்தார்கள். முன்மாதிரி, பர்மாவின் 1922ஆம் ஆண்டுப் புறக்கணிப்புத் தடைச் சட்டம். தேசியவாதிகளை ஒடுக்க ஆங்கிலேயர் போட்ட சட்டம் அது. இவர்கள் அதை எடுத்துச் சாதியின் பக்கம் திருப்பினார்கள்.

அந்த வரையறையின் சாயலை 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் காணலாம். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலோ 2015 திருத்தத்தில்தான் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு குற்றப் பட்டியலில் ஏறியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மிரட்டுவதே குற்றம்தான்.

ஆகவே புகார் எழுத உதவப் போகும் தோழர்கள், 'ஒதுக்கி வைத்தார்கள்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கடை, எந்தத் தேதி, யார் வேலை இல்லை என்றார், யார் முன்னால் சொன்னார் என்று எழுவாயோடு எழுதுங்கள்.