இலவந்திகையும் மதுரைப் புறத்துச் சோலைகளும்

நீர்நிலையும் மரச்செறிவும் ஒருங்கே அமைய, நிலத்தின் போக்கை ஒட்டிப் பெருஞ்சோலை ஆக்குதல் மேனாட்டார் கண்ட கலை என்று கருதுவார் உளர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிரௌன் (1716–1783) என்பார், பிளெனிம் மாளிகையைச் சூழ்ந்த நிலத்தில் சிற்றாற்றை அணையிட்டு ஏரியாக்கி, அதனை மரத்தொகுதிகளோடு இயைத்தமை இதற்குச் சான்றாகக் காட்டப்படும். தமிழர் இக்கருத்தை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதை மதுரைப் பகுதியை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொற்சான்றினைக் காண்போம். இளமரங்களை வைத்து வளர்த்த சோலை 'இளமரக்கா' எனப்பட்டது. 'இலவந்திகை' என்பதற்கு நீராவியைச் சூழ்ந்த சோலை என உரைகாரர் பொருள் கூறினர். நீராவி எனவும் அச்சொல்லுக்குப் பொருளுண்டு. வாவியும் சோலையும் ஒரே சொல்லால் வழங்கியமை, அவ்விரண்டையும் ஒரே படைப்பாக முன்னோர் கண்டமையைப் புலப்படுத்தும். புறநானூறு பாடும் பாண்டியன் ஒருவன் 'இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்' எனப் பெயர் பெற்றமையின், பாண்டி நாட்டார்க்கு இச்சொல் அயலதன்று.

அரசர் இன்பத்திற்கு மட்டுமன்றி நகர்க் காவலுக்கும் இவ்வமைப்பு பயன்பட்டது. மதுரையைச் சூழ்ந்த காவற்காட்டையும் அகழியையும் சிலப்பதிகாரம் அடுத்தடுத்து வைத்துக் கூறும். திருக்குறளும் நீரையும் நிழற்காட்டையும் அரணின் உறுப்புகளாக எண்ணும். பிற்காலத்தில், 1645இல் திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளத்தின் நடுவே மைய மண்டபமும், அதனைச் சூழ்ந்து மரங்களும் உள்ளன. ஈண்டு நீர் சோலையைச் சூழ்ந்தது. இலவந்திகையில் சோலை நீரைச் சூழ்ந்தது. முறை மாறினும் கருத்து ஒன்றே.

இதற்குக் காரணம் நிலத்தின் இயல்பாகும். மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலம் செல்லும் வழியிலுள்ள கப்பலூர் முதலிய ஊர்கள் அமைந்த சமவெளியில் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் சில திங்களே பெய்யும். அந்நீரைத் தேக்கினாலன்றி மரம் தழையாது. ஆகவே பள்ளம் அகழ்ந்தனர். அகழ்ந்த மண் கரையாயிற்று. கரையில் நின்ற பனையும் மருதும் புளியும் வேரால் மண்ணைப் பிணித்தன. நிழல் வழிப்போக்கரைக் காத்தது, கிளை பறவைக்கு இடமாயிற்று. கண்மாய் என இன்று வழங்கும் நீர்நிலைகள் பாசனத்திற்கென எழுந்தவையே எனினும், அவற்றின் கரைகள் ஊரார் பொதுவில் வளர்த்த சோலைகளாகவும் விளங்கின. பிரௌன் அழகு கருதி ஆக்கியதை இவர்கள் உழவு கருதி ஆக்கினர். அழகு அதன் வழிப் பிறந்தது.

கப்பலூரில் இன்று ஆலையும் தொழிற்பேட்டையும் உள்ளன. அத்தகைய ஊர்களில் கண்மாய்க் கரை வெற்று நிலமாக எண்ணப்படின், அது எளிதில் அழியும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, குன்றுகளும் நீர்நிலைகளும் செறிந்தமை பற்றி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பெயரும் மதிப்பும் பெற்ற நிலமே காக்கப்படும் என்பதற்கு அது சான்று. கண்மாய்க் கரைகளையும் தமிழர் சோலைக்கலை வரலாற்றில் வைத்து எண்ணுதல் வேண்டும். புதிதாகச் சோலை ஆக்க விழைவார்க்கும் இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: முதலில் நீர்க்கு இடம், அடுத்துக் கரை, அதன்பின் மரம்.