யமஹா டிடி-1, ஹோண்டா எக்ஸ்எல் 250: எது உசத்தி?



சென்ற வாரம் பழைய ஜப்பான் பைக்குகளைப் பற்றி எழுதியதும், "சார், ரெண்டுல எது உசத்தி?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு மார்க் கேள்வி இல்லை இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1960-களில் அமெரிக்க இளைஞர்களுக்குக் கலிபோர்னியாவின் பாலைவனத்திலும் மலைப்பாதையிலும் பைக் ஓட்டும் ஆசை வந்துவிட்டது. ஏற்ற வண்டிதான் இல்லை. சாலை வண்டியிலேயே சைலன்சரை மேலே தூக்கி வைத்து விற்றார்கள். மண்ணில் இறங்கினால் அது கனத்தது. ரோட்டிலும் ஓட வேண்டும், காட்டிலும் ஓட வேண்டும், அப்படி ஒன்று செய்து தாருங்கள் என்று யமஹாவின் அமெரிக்கக் கிளையினர் ஜப்பானிடம் கேட்டார்கள். 1968-இல் டிடி-1 விற்பனைக்கு வந்தது. 246 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், எடை சுமார் 112 கிலோ. டிவிஎஸ் 50-க்கு பங்க்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவோமே, அந்த வேலை இதில் இல்லை. ஆயிலுக்குத் தனி டேங்க். பம்ப்பே அளந்து அனுப்பிவிடும். வண்டி நன்றாக விற்றது. சுசுகியும் கவாசாகியும் அதே வழியில் வந்தன.

ஹோண்டா மட்டும் வேறு வழி போனது. நிறுவனர் சோய்ச்சிரோ ஹோண்டாவுக்கு டூ ஸ்ட்ரோக் என்றாலே பிடிக்காது. 1972-இல் வந்த எக்ஸ்எல் 250 ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. 248 சிசி, ஒரே சிலிண்டருக்கு நான்கு வால்வு. கடையில் விற்கும் வண்டியில் அன்று அது புதுமை. ஆனால் டிடி-1-ஐ விடப் பத்து கிலோவுக்கு மேல் கனம். சேற்றில் மாட்டினால் தூக்கி எடுக்க யமஹாதான் சுலபம். சரிவில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஹோண்டா. பெட்ரோலும் குறைவு, புகையும் இல்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பந்தயத்தில் ஜெயிக்க 1973-இல் ஹோண்டாவே எல்சினோர் என்ற டூ ஸ்ட்ரோக் வண்டியை இறக்கியது. யமஹாவோ எக்ஸ்டி 500 என்று ஃபோர் ஸ்ட்ரோக் செய்தது. 1979-இல் முடிந்த முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் பைக்குகளில் முதலிடம் அதற்குத்தான். இருவருமே எதிராளியின் பாடத்தைப் படித்தார்கள். அமெரிக்காவில் 1978 மாடல்களிலிருந்து பைக் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது. அங்கே சாலையில் டூ ஸ்ட்ரோக் மெல்ல மறைந்தது.

1985-இல் இந்த வழக்கு நம் ஊருக்கும் வந்தது. ஆர்எக்ஸ் 100-ஆ, ஹீரோ ஹோண்டா சிடி 100-ஆ என்று டீக்கடையில் சண்டை போட்டவர்கள் உங்களிலேயே உண்டு!

என் தீர்ப்பு இது. என்ன வண்டி தேவை என்று முதலில் புரிந்துகொண்டது யமஹா. நீண்ட நாள் நிற்கும் இன்ஜினைக் கொடுத்தது ஹோண்டா. டூ ஸ்ட்ரோக் சத்தம் கேட்டால் எனக்கும் இன்றுவரை தலை திரும்பும். ஆனால் அந்த நீலப் புகையை மூச்சில் வாங்கியவர், பின்னால் சைக்கிள் மிதித்து வந்தவர். அவரையும் கணக்கில் சேர்த்தால் என் ஓட்டு ஹோண்டாவுக்கு.

ஆர்எக்ஸ் கட்சிக்காரர்கள் கீழே வந்து வாதாடலாம். மரியாதையாக!