நாகைத் துறையும் கோடிக் காடும்

சோழ நாட்டுக் கடற்கரையில் நாகப்பட்டினத்தைப் போல் பல கொடிகளைக் கண்ட ஊர்கள் மிகச் சில. சோழரின் புலிக்கொடிக்குப் பின் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக இங்கே வந்தனர், போயினர். இன்று அவ்வூருக்குச் செல்பவர் பழம்பெருமைக்கு ஏற்ற கட்டடங்களைத் தேடினால் ஏமாற்றமே அடைவார். மீன்பிடித் துறையும், கடைத்தெருவும், காரோணர் கோயிலும், வடக்கே நாகூரில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பிய பெரிய மனாராவும் கண்ணில் படும். ஆனால் பல நூற்றாண்டுகள் கப்பலோட்டிகளுக்குக் கரையைக் காட்டி நின்ற செங்கற் கோபுரம் அங்கே இல்லை.

அக்கோபுரத்தின் கதை கடாரத்திலிருந்து தொடங்குகிறது. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகையில் ஒரு பௌத்தப் பெரும்பள்ளியை எடுப்பித்தான். சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட முதலாம் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 1006இல், அப்பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். ஆண்டுதோறும் 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல் அதன் வருவாய். தந்தை வாய்மொழியாக இட்ட ஆணையைச் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தவன் மகன் இராசேந்திரன். அதே இராசேந்திரன் 1025ஆம் ஆண்டையொட்டிக் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான் என்பது வரலாற்றின் விந்தை. எனினும் போர் பள்ளியை அழிக்கவில்லை. 1090இல் முதற் குலோத்துங்கன், கடாரத்து அரசனின் தூதர் வேண்டியபடி, பள்ளிக்குரிய ஊர்களை வரிகளிலிருந்து விடுவித்து மற்றொரு செப்பேடு அளித்தான். அரசர்கள் பகைத்த பின்னும் அறம் தொடர்ந்தது.

செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்துக்குச் சென்றன. 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் அவை லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. சோழன் கொடுத்த கொடைக்கு ஒரு டச்சு நகரத்தின் பெயர் வழங்கலாயிற்று. டச்சுக்காரர் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைக் கைப்பற்றினர். 1690இல் பழவேற்காட்டிலிருந்து தம் சோழமண்டலத் தலைமையிடத்தை இங்கே மாற்றினர். 1781இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கும் சாட்சியாக ஊரின் வடபுறத்தில் ஒரு கோபுரம் நின்றது. ஐரோப்பியர் அதைச் சீனக் கோபுரம் என்றழைத்தனர். 1846இல் அதைக் கண்ட வால்டர் எலியட், சாந்தின்றி நெருங்க அடுக்கிய செங்கற்களால் ஆன மூன்று நிலை நாற்கோணக் கோபுரம் என்று அதைக் குறித்தார். அவர் கண்டபோதே அது பாழடைந்திருந்தது. அவ்விடத்தில் குடியேறிய இயேசு சபைத் துறவியரின் வேண்டுகோளின்பேரில், 1867இல் அரசின் இசைவோடு அது இடிக்கப்பட்டது. 1856 முதல் 1934 வரை அப்பகுதி மண்ணிலிருந்து வெளிப்பட்ட ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மட்டும் பள்ளியின் பெருமையைப் பேசின. இடிந்த கோபுரத்தின் தோற்றத்தை நாம் இன்று அறிவது எலியட்டின் குறிப்பாலும் அதனுடன் வெளியான படத்தாலுமே.

நாகைக்குப் பாட்டு இல்லாமல் போகவில்லை. தேவார மூவரும் காரோணத்தைப் பாடினர். திருமங்கையாழ்வார் நாகை அழகியாரைப் பாடினார். அவரே இவ்வூர்ப் பொற்புத்தரைக் கவர்ந்து அரங்கனுக்கு மதில் எடுத்தார் என்று குருபரம்பரைக் கதை கூறும். கோபுரம் இடிந்த நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருநாகைக் காரோணப் புராணம் இயற்றினார். 1876இல் மறைமலையடிகள் பிறந்த ஊரும் இதுவே. செங்கற் கோபுரத்தின் பள்ளிக்குத் தமிழ் நெஞ்சங்களில் மறுவாழ்வு தந்ததோ, நெடுங்காலம் கழித்து வந்த ஒரு புதினம். 1950 முதல் வெளியான 'பொன்னியின் செல்வ'னில் கல்கி, காய்ச்சலுற்ற அருள்மொழிவர்மனைச் சூடாமணி விகாரத்தில் கிடத்தினார். செப்பேட்டுக் கணக்கின்படி, அவ்விளவரசன் மன்னனாகிப் பல்லாண்டு கழிந்த பின்னரே விகாரம் கொடை பெற்றது. ஆயினும் இன்று நாகைக்கு வந்து விகாரம் எங்கே என்று கேட்பவருள் பெரும்பாலோர் செப்பேட்டைப் படித்துவிட்டு வருபவரல்லர். கல்கியைப் படித்துவிட்டு வருபவரே.

அப்புதினத்தின் மற்றொரு களம் நாகைக்குத் தெற்கே உள்ளது. வேளாங்கண்ணியைக் கடந்து செல்லும் சாலை வேதாரண்யத்தை அடைகிறது. மறைகள் பூசித்து அடைத்த கதவை அப்பர் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி அடைத்தார் என்று பெரியபுராணம் போற்றும் திருமறைக்காடு அதுவே. ஒரு சொல்லுக்குக் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை அவ்வூருக்குப் புதிதன்று. 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் நாமக்கல் கவிஞர் இயற்றிய பாடலைப் பாடிக்கொண்டே இங்கு வந்தனர்; ஏப்ரல் 30இல் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்தனர். அவ்வெள்ளிய உப்பளங்களைத் தாண்டினால் நிலம் குறுகுகிறது, காடு தொடங்குகிறது. மூன்று புறமும் நீர் சூழ, சோழ நாடு கடலுக்குள் நீட்டிய முனைதான் கோடிக்கரை.

இது ஓங்கி வளர்ந்த மழைக்காடன்று. உப்புக்காற்றைத் தாங்கி வளரும் பாலை மரங்களும் முட்புதர்களும் நிறைந்த வறண்ட பசுமைக்காடு. இடையிடையே புல்வெளி, அதில் திருகு கொம்புடைய வெளிமான்கள். அவற்றின்பொருட்டு 1967இல் இது காட்டுயிர்ப் புகலிடம் ஆயிற்று. மழைக்காலம் தொடங்கியதும் சதுப்பில் பூநாரைகளும் தொலைநாட்டு உள்ளான்களும் வந்திறங்கும். சாலிம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழியை ஆராய்ந்த இடம் இது. நாரை தென்திசை வந்து வடதிசை மீளும் என்பதை வறுமையிலும் கவனித்துப் பாடிய சத்திமுற்றப் புலவரின் நாட்டுக்கு இவ்வாராய்ச்சி அந்நியமன்று.

இக்காட்டைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஒரு பதிகம். மறைக்காட்டை வணங்கியபின் சேரமான் பெருமாளுடன் சுந்தரர் கோடிக் குழகரைக் காண வந்தார். கடற்காற்று வீசி மோதுகிறது. பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன. அயலில் குடி ஒன்றும் இல்லை. தோழர் அல்லவா? இறைவனைப் புகழ்வதை விட்டு அவருக்காக வருந்துகிறார். இங்கே உமக்குத் துணை யார் என்று வினவுகிறார். பெருங்கோயிலையோ மன்னன் கொடையையோ அவர் அங்கே காணவில்லை. ஒரு காட்டின் தனிமையை அவர் கண்டார், அதைச் சொன்னார். கண்ணீர் வார நின்றார் என்று சேக்கிழார் உரைப்பதும் இவ்விடத்திற்கே.

அவர் குறித்த காற்று ஓயவில்லை. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் எஞ்சிய பகுதியை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வீழ்த்தியது. அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் ஆறாயிரம் பேருக்கு மேல். 2018 நவம்பர் 16இல் கரையேறிய கஜா புயல் காட்டின் மரங்களைச் சாய்த்தது, மான்களையும் மாய்த்தது. சாய்ந்த மரங்களின் அடியிலிருந்து காடு மீண்டும் துளிர்த்தது. ஆயினும் அதன் பகை புயல் மட்டுமன்று. புல்வெளியில் புகுந்து பரவும் சீமைக் கருவேலம் வெளிமானின் மேய்ச்சல் நிலத்தை ஆண்டுதோறும் ஓசையின்றிக் குறைக்கிறது.

நாகையும் கோடிக்கரையும் ஒரே கடலின் இரு கரைகள். நாகைக் கோபுரத்துக்குக் கடாரத்தின் பொன்னும் சோழனின் நெல்லும் இருந்தன. இடிக்கும் நாளில் தடுப்பார் இல்லை. கோடிக் குழகருக்கு அக்காட்டில் குடியும் இல்லை; ஆனால் துணை யார் என்று கேட்ட ஒரு குரல் இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓதுவார் நாவில் அக்கேள்வி வாழ்கிறது. கேட்போரைக் கோடிக்காட்டுக்கு அழைத்தும் வருகிறது. 1867இல் நாகைக்குக் கிடைக்காத துணை அதுவே. மேய்ச்சல் குறைந்த புல்வெளியில் தலைநிமிர்ந்து நிற்கும் வெளிமானைக் காண்பவர், உமக்கு யார் துணை என்ற சுந்தரரின் வினா இன்னும் விடை பெறவில்லை என்பதை உணர்வர்.