பெரம்பூரில் குடும்ப வீடியோ: கேமரா தேர்வின் வரலாறு

குடும்ப வீடியோ என்பது திருமணம், வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள் போன்ற வீட்டு நிகழ்வுகளையும் அன்றாட வாழ்க்கையையும் அசையும் படமாகவும் ஒலியாகவும் பதிந்து வைப்பதாகும். தமிழ்நாட்டில் இது 1980களில் பரவத் தொடங்கியது. வடசென்னையின் பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி, இராயபுரம், திருவொற்றியூர் போன்ற தொழிலாளர் பகுதிகளில் எந்தக் கேமரா பயன்பட்டது என்பதைக் கேமராவின் தரம் மட்டும் முடிவு செய்யவில்லை. தெருவில் வாடகைக்குக் கிடைத்த டெக், துறைமுகத்தை ஒட்டிய கடைகள், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் என்று பல காரணங்கள் அதற்குப் பின்னால் இருந்தன. அன்று செய்த தேர்வுதான், எந்தக் குடும்பத்தின் நினைவு இன்று பார்க்கும் நிலையில் இருக்கிறது என்பதையும் தீர்மானித்துள்ளது.

தொடக்க காலம்

திரைப்படம் பிறந்தபோதே குடும்பப் படமும் பிறந்துவிட்டது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட படங்களுள் ஒன்று, அகுஸ்த் லூமியேரும் அவர் மனைவியும் தங்கள் கைக்குழந்தைக்கு உணவூட்டும் காட்சி. அது ஒரு நிமிடத்திற்கும் குறைவானது.

பொதுமக்கள் கையாளக்கூடிய படச்சுருள் வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922இல் 9.5 மி.மீ. சுருளையும், அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1923இல் 16 மி.மீ. சுருளையும், 1932இல் 8 மி.மீ. சுருளையும் வெளியிட்டன. இந்தியாவில் இவற்றைப் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளும் மன்னர் குடும்பங்களும் பெருவணிகர்களுமே வாங்கினர். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் எடுத்த வீட்டுப் படங்களின் தொகுப்பு ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் பாதுகாக்கப்படுகிறது. அத்தகைய படங்களில் ஆயாக்களும் தோட்டக்காரர்களும் வந்து போகின்றனர். அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் குறிக்கப்படவில்லை.

அதே காலத்தில் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிலும் இரயில்வே பணிமனைகளிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர். அவர்களுக்குச் சொந்தப் படக்கருவி எட்டாக்கனி. குடும்பமாக ஸ்டுடியோவுக்குச் சென்று எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படமே பல வீடுகளில் முழு ஆவணமாக இருந்தது.

1965இல் கோடாக் அறிமுகப்படுத்திய சூப்பர் 8 சுருள் கையாள எளிதானது. ஆனால் 50 அடி கொண்ட ஒரு சுருளில், நொடிக்கு 18 படங்கள் வீதம், 3 நிமிடம் 20 நொடி மட்டுமே எடுக்கலாம். சுருளைக் கழுவித் தர ஆய்வகமும், பார்க்கத் தனித் திரையிடு கருவியும் வேண்டும். முகூர்த்தத்தை மட்டும் எடுப்பதற்கே பல சுருள்கள் தேவைப்படும் என்பதால் சாதாரணக் குடும்பங்கள் இதை நாடவில்லை.

தொலைக்காட்சியும் டெக்கும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. இதற்கிடையே ஜப்பானில் சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் முறையையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். முறையையும் வெளியிட்டிருந்தன. இவ்விரண்டின் நாடாக்களும் ஒன்றன் கருவியில் மற்றொன்று ஓடாதவை.

1980களில் தமிழ்நாட்டுத் தெருக்களில் வீடியோ கேசட் கருவிக்கு 'டெக்' என்றே பெயர். பொங்கல், தீபாவளி, மஞ்சள் நீராட்டு விழா போன்ற நாட்களில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடிப் படம் பார்க்கும் வழக்கம் இருந்தது. வாடகைக் கடைகளில் நிலைத்தது வி.எச்.எஸ். டெக்தான். எனவே திருமண நாடாவும் அந்த டெக்கில் ஓடுவதாக இருக்க வேண்டியதாயிற்று. படத்தின் தெளிவை விட, 'நம் தெரு டெக்கில் ஓடுமா?' என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

பர்மா பஜாரின் பங்கு

பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, பின்னர் வணிகங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டதால் ஏராளமான தமிழர்கள் தாயகம் திரும்பினர். அவர்களின் வாழ்வாதாரத்திற்காக 1969இல் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே உருவானதே பர்மா பஜார். துறைமுகத்திற்கு எதிரே அமைந்த இச்சிறு கடைகள், இறக்குமதித் தீர்வை கடுமையாக இருந்த காலத்தில், வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றன. பெரம்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே இச்சந்தை இருந்தது. பில், உத்தரவாதம் போன்றவை இல்லாமல் வாங்குவதால் பழுதானால் சரிசெய்வது வாங்கியவரின் பொறுப்பு. உதிரிபாகங்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் ரிச்சி தெருவை நாடுவர்.

மற்றொரு வழி வெளிநாட்டு உறவினர். இங்கு ஒரு சிக்கல் இருந்தது. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, துபாய் ஆகிய இடங்களில் தொலைக்காட்சி பி.ஏ.எல். முறையில் இயங்கியது, இதில் 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்.டி.எஸ்.சி. முறை, இதில் 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். ஆகவே துபாயிலிருந்து வந்த கேமராவின் பதிவு பெரம்பூர் டெக்கில் சரியாக ஓடியது. அமெரிக்காவிலிருந்து வந்ததன் பதிவோ படம் உருண்டோடியது, அல்லது நிறமின்றித் தெரிந்தது. அன்பளிப்பாக வந்த கேமரா பீரோவில் உறங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

தோள் கேமராவா, கைக் கேமராவா?

தொடக்கத்தில் கேமராவும் பதிவுக் கருவியும் தனித்தனியே இருந்தன. இரண்டையும் கம்பியால் இணைத்துத் தூக்கிச் செல்ல வேண்டும். 1983இல் சோனி வெளியிட்ட பீட்டாமூவி இரண்டையும் ஒன்றாக்கியது. ஆனால் அதில் பதிவு செய்யலாம், போட்டுப் பார்க்க முடியாது. 1984இல் ஜே.வி.சி. சிறிய வி.எச்.எஸ்.-சி நாடாவைப் பயன்படுத்தும் கேமராவையும், 1985இல் சோனி 8 மி.மீ. நாடா கொண்ட முதல் ஹேண்டிகேமையும் கொண்டுவந்தன. 1989இல் வந்த சோனி டி.ஆர்.55 கேமராவின் எடை 790 கிராம் மட்டுமே.

குடும்பங்களுக்கு முன்னிருந்த தேர்வுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்:

வி.எச்.எஸ். தோள் கேமரா: பெரியது, கனமானது. முழு அளவு நாடா என்பதால் எடுத்தவுடன் டெக்கில் போடலாம். ஒரு நாடாவில் 3 மணி நேரம் பதியும். பானசோனிக் நிறுவனத்தின் எம் வரிசைக் கேமராக்கள் திருமண வீடியோக்காரர்களிடையே புகழ்பெற்றவை.

வி.எச்.எஸ்.-சி: சிறியது. ஓர் உறைப்பெட்டியில் பொருத்தினால் சாதாரண டெக்கிலேயே ஓடும். பதிவு நேரம் குறைவு.

8 மி.மீ. ஹேண்டிகேம்: இலேசானது, வீட்டில் எவரும் கையாளலாம். ஆனால் நாடா டெக்கில் ஓடாது. கேமராவையே தொலைக்காட்சியுடன் இணைக்க வேண்டும். கேமரா பழுதானால் பழைய நாடாக்கள் அனைத்தும் ஊமையாகிவிடும்.

பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்கள் கேமரா வாங்காமல், வீடியோக்காரரை நாளுக்கு அமர்த்திக்கொண்டன. அவர் தோள் கேமராவுடன், கண்கூசும் 'சன்கன்' விளக்கையும் கொண்டுவருவார். குறைந்த ஒளியில் அக்காலக் கேமராக்கள் தெளிவாகப் பதியாததே இதற்குக் காரணம். இதனால் பதிவானவை பெரும்பாலும் மண்டபமும் மேடையும் பந்தியும்தான். சமையற்கட்டு, திண்ணை, ஷிப்ட் முடிந்து வரும் தந்தை, குழாயடி ஆகியவை அரிதாகவே பதிவாயின. கேமரா சொந்தமாக இருந்த வீட்டில் அன்றாடமும் பதிவாயிற்று; வாடகைக்கு எடுத்த வீட்டில் விசேஷம் மட்டுமே பதிவாயிற்று.

எண்ணிம மாற்றம்

1995இல் மினி டிவி நாடா வந்தது. இதில் படம் எண்களாகப் பதிவதால் தரக்குறைவின்றிப் படியெடுக்க முடிந்தது. முந்தைய முறைகளில் நகலின் நகல் மங்கிக்கொண்டே செல்லும். அக்காலக் குடும்பங்களிடம் உள்ளவை பெரும்பாலும் பாட்டுச் சேர்த்து 'மிக்ஸிங்' செய்த நகல்களே. பின்னர் வட்டு, நினைவட்டை, கைப்பேசி என்று பதிவு முறை மாறியது. இன்று பெரம்பூரில் எந்த வீட்டிலும் கைப்பேசியே கேமரா.

எஞ்சியிருப்பவையும் பாதுகாப்பும்

பழைய நாடாக்களின் நிலை கவலைக்குரியது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியதுடன் புதிய வி.எச்.எஸ். டெக் செய்வோர் இல்லாமற்போயினர். கடலோர ஈரப்பதத்தில் நாடாவில் வெண்பூஞ்சை படர்கிறது. பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டினால் டெக்கின் முனையும் கெடும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னையின் பல வீடுகளில் புகுந்த நீர், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தவற்றையெல்லாம் நனைத்தது.

இழப்பு தமிழருக்குப் புதிதன்று. நடராஜ முதலியார் பெரம்பூருக்கு அண்மையிலுள்ள கீழ்ப்பாக்கத்தில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அவ்வாலைத் தொழிலாளர்கள் நடந்ததையும் பேசியதையும் சிரித்ததையும் இன்று காண வேண்டுமானால், அவர்கள் வீட்டுத் திருமண நாடாக்களே கையில் உள்ள வழி.

நாடாக்களை நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் வைக்க வேண்டும். பூஞ்சை உள்ளதா என்று பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். எண்ணிமக் கோப்பாக மாற்றி, இரு வேறு இடங்களில் இரண்டு படிகள் வைத்தல் நலம். கைப்பேசியில் எடுப்பவற்றுக்கும் இது பொருந்தும். கைப்பேசி தொலைந்தால் ஓராண்டு வாழ்க்கையே தொலையக்கூடும். இவற்றுடன் செய்ய வேண்டிய மற்றொரு பணியும் உண்டு. பெரியவர்கள் உள்ளபோதே அவர்களுடன் அமர்ந்து படத்தைப் பார்த்து, யார் யார் என்பதையும் உறவுமுறையையும் ஊரையும் எழுதி வைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால், ஆங்கிலேயர் படத்தில் வந்துபோகும் ஆயாவைப் போல, சொந்தப் பாட்டியும் பெயரில்லாத ஒரு முகமாகிவிடுவார்.